எள் புள்ளிகளின் புத்தகம்

"வாசிப்பதற்கு அல்ல, கண்ணால் ரசிப்பதற்கென்றே செய்யப்பட்ட நூல்." ஜப்பானிய அச்சுக் கலை பற்றிய கண்காட்சி ஒன்றில், கண்ணாடிப் பெட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்த குறிப்பில் இப்படி ஒரு வரி இருந்தது. பெட்டிக்குள் இருந்தது 'நோ' என்னும் பழைய ஜப்பானிய முகமூடி நாடகத்தின் பாடல் நூல் ஒன்று. 1600-களின் தொடக்கத்தில் கியோட்டோவில் அச்சான தொகுதியின் ஓர் ஏடு. நூலைத் திறக்காமல் மூடியே வைத்திருந்தார்கள். அட்டையைக் காட்டத்தான். சிப்பிப் பொடியில் செய்த வெள்ளைப் பூச்சின் மேல், அப்பிரகத் தூளால் கொடியும் இலையுமாக ஒரு சித்திரம் அச்சிடப்பட்டிருந்தது. நேராக நின்று பார்த்தால் வெறும் வெண்தாள். கொஞ்சம் நகர்ந்து நின்றால் இலைகள் ஒவ்வொன்றாக வெள்ளியாய் மின்னி எழுந்தன. அந்த அழகில் எனக்குச் சந்தேகம் எதுவுமில்லை. உறுத்தியது அந்த வரிதான். நூறு நாடகங்களை நூறு ஏடுகளாகப் பிரித்து, எழுத்துகளுக்குப் பக்கத்தில் பாடுவதற்கான குறிகளையும் சேர்த்து அச்சிட்டவர்கள், அதை யாரும் பாடப்போவதில்லை என்று நினைத்தா அவ்வளவு பாடுபட்டிருப்பார்கள்?

இந்தப் பாடல் நூல்களை ஜப்பானியர் 'உதாய்போன்' என்கிறார்கள். நான் பார்த்த வகைக்கு ஹொனாமி கோயெட்சு என்ற கலைஞரின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அச்சுக் கலை வரலாறுகள் இதை உலகின் மிக அழகான அச்சு நூல்களுள் ஒன்று என்று கொண்டாடுகின்றன. கொண்டாடிவிட்டு, தாளையும் அட்டையையும் எழுத்தின் வளைவையும் பற்றியே பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. பாட்டைப் பற்றி ஒரு வரி இருந்தால் அதிகம். பல மாதங்களாக எங்கே படித்தாலும் இதே நிலை. அந்த நூல்களின் உயிர் வேறெங்கோ இருக்கிறது என்ற எண்ணம் எனக்குள் வலுத்துக்கொண்டே போனது. அந்த இடத்தைத் தேடியதன் பதிவுதான் இது.

ஒரே கோட்டையில் போரும் பாட்டும்

1592-இல், ஜப்பானை ஆண்ட தோயோதோமி ஹிதெயோஷி கொரியாவின் மீது படையெடுத்தார். கியூஷூ தீவின் வடமேற்கு முனையில் ஹிஸென் நகோயா என்ற இடத்தில் இதற்காகவே ஒரு பெரும் கோட்டை எழுந்தது. படைகள் அங்கிருந்துதான் கப்பலேறின. 1593-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கடலுக்கு அந்தப் பக்கம் ஊர்கள் எரிந்துகொண்டிருந்தபோது, இந்தப் பக்கம் அந்தக் கோட்டையில் ஐம்பது வயதைக் கடந்த ஹிதெயோஷி நோ பாடவும் ஆடவும் கற்றுக்கொண்டிருந்தார். பத்து நாடகங்களை மனப்பாடம் செய்துவிட்டதாக மனைவிக்குப் பெருமையோடு கடிதம் எழுதினார். அதே ஆண்டில் பேரரசரின் அரண்மனையில் மூன்று நாள் நிகழ்ச்சி நடத்தித் தானே வேடம் கட்டினார். தன் பெருமைகளையே பொருளாக வைத்துப் புதிய நாடகங்களும் எழுதச் சொன்னார். நாட்டை ஆள்பவரே பாட்டுக் கற்றுக்கொண்டால், அவரைச் சுற்றியிருக்கும் பிரபுக்களும் அவர்களோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கும் வணிகர்களும் கற்காமல் இருப்பார்களா? நோ பாட்டு அதற்கு முன்பே கியோட்டோ நகரத்தார் வீடுகளுக்குள் புகுந்திருந்தது. அது பெரும் மோகமாக வளர்ந்தது இந்த ஆண்டுகளில்தான்.

அச்சு எழுத்துகள் ஜப்பானுக்கு வந்ததும் அதே போரில்தான். உலோகத்தில் எழுத்து வார்த்து அச்சிடுவதில் கொரியர்களுக்குப் பல நூற்றாண்டுத் தேர்ச்சி இருந்தது. அந்த எழுத்துகளும் கருவிகளும் கொள்ளைப் பொருளாகக் கடல் கடந்து பேரரசர் கோ-யோஸெயின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. 1593-இல் சீன நீதிநூல் ஒன்று அவற்றைக்கொண்டு அச்சிடப்பட்டதாகப் பதிவு இருக்கிறது. பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை. பிறகு ஜப்பானியர் தாங்களே மரத்தில் எழுத்துகளைச் செதுக்கத் தொடங்கினார்கள். பேரரசர் தம் பங்குக்கு நூல்களை அச்சிட்டார். ஹிதெயோஷிக்குப் பின் ஆட்சியைப் பிடித்த டோக்குகாவா இயேயாசு 1599 முதல் ஃபுஷிமியில் அச்சு வேலை நடத்தினார். அவர் செதுக்கவைத்த மர எழுத்துகளில் சுமார் 50,000 இன்றும் கியோட்டோவின் என்கோஜி கோயிலில் பாதுகாக்கப்படுகின்றன. மென்மையான அந்த அப்பிரக இலைகளுக்குப் பின்னால் இப்படி ஒரு போர் நிற்கிறது என்பதைக் கண்காட்சிக் குறிப்பு சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அச்சு இன்னொரு வழியாகவும் ஜப்பானுக்குள் வந்தது. அந்த வழி நம் கடற்கரைக்கு அருகில் செல்கிறது. 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்ட இயேசு சபையாரின் அதே வலைப்பின்னல்தான் ஜப்பானுக்கும் அச்சு இயந்திரத்தைக் கொண்டுசென்றது. ஐரோப்பா போய்விட்டுத் திரும்பிய ஜப்பானிய இளைஞர் குழு ஓர் இயந்திரத்தோடு வந்து கோவாவில் தங்கியது. அவர்களுள் ஒருவரான மார்ட்டின்யோ ஹாரா அங்கே லத்தீனில் ஆற்றிய உரை 1588-இல் கோவாவிலேயே அச்சானது. 1590-இல் இயந்திரம் ஜப்பானில் இறங்கியது. 1592-இல் அமாகுசா தீவில் அவர்கள் ஹெய்கே குலத்தின் வீழ்ச்சிக் கதையை ரோமன் எழுத்தில் அச்சிட்டார்கள். பார்வையற்ற பாடகர்கள் பிவா என்ற நரம்புக் கருவியை மீட்டி ஊர் ஊராகப் பாடிய கதை அது. அச்சில் அதை உரையாடலாக மாற்றினார்கள்: ஒருவர் கேட்க, கியிச்சி என்ற பாடகர் சொல்லச் சொல்லக் கதை நகர்கிறது. எனக்கு இது மிகவும் முக்கியமாகப் படுகிறது. அயல்நாட்டுப் பாதிரிமார் ஜப்பானிய மொழி பழகுவதற்காகச் செய்த பாடநூல்தான் என்றாலும், அந்தக் கதையை அச்சில் ஏற்றும்போது அதைச் சொல்ல ஒரு பாடகரின் வாய் வேண்டும் என்று அதைத் தொகுத்தவருக்குத் தோன்றியிருக்கிறது. அந்த நூலில் மிஞ்சியிருக்கும் ஒரே பிரதி லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

சகாவின் மர எழுத்துகள்

கியோட்டோவின் மேற்குப் புறத்தில் சகா இருக்கிறது. அங்கே சுமினோகுரா குடும்பம் வாழ்ந்தது. தந்தை ரியோயி ஹோஸு ஆற்றின் பாறைகளை உடைத்துப் படகு விடும் வழி செய்தவர். கியோட்டோவுக்குள் தகாசே கால்வாயை வெட்டியவர். வியட்நாம் கரைக்குக் கப்பல் அனுப்பி வணிகம் செய்தவர். மகன் சோஆன் அந்தச் செல்வத்தில் ஒரு பகுதியைப் புத்தகத்தில் போட்டார். அவருடைய வட்டத்தில் கோயெட்சு இருந்தார். வாளைத் தீட்டுவதும் அதன் தரத்தை மதிப்பிடுவதும் கோயெட்சுவின் குலத்தொழில். ஆனால் அவர் பெயர் நிலைத்தது தூரிகை எழுத்திலும் மண் கிண்ணங்களிலும் அரக்கு வேலையிலும்தான். இந்த வட்டத்திலிருந்து வந்த நூல்களைச் 'சகாபோன்' என்கிறார்கள். 1608-இல் வந்த 'இஸே மொனோகதாரி' அவற்றுள் புகழ்பெற்றது. காதலும் பிரிவும் கவிதையுமாக உள்ள அந்தப் பழைய கதைக்கொத்து படங்களோடு அச்சேறியது. பாடல் நூல்களும் ஏறக்குறைய அதே ஆண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றின் எழுத்து கோயெட்சுவின் கையா, சோஆனுடையதா, அந்தப் பாணியில் எழுதிய வேறொருவருடையதா என்பது பற்றி ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். எனக்கு அந்த வாதத்தில் பெரிய ஆர்வம் இல்லை. யாருடைய கையாக இருந்தாலும், அந்தக் கை செய்த காரியம்தான் வியப்பு.

ஜப்பானியத் தூரிகை எழுத்து மேலிருந்து கீழாக ஓடும். எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். தூரிகை எடுக்காமல் மூன்று நான்கு எழுத்துகளை ஒரே இழுப்பில் எழுதிவிடுவார்கள். தனித்தனி அச்சு எழுத்துகளுக்கு இதைவிடப் பெரிய சோதனை கிடையாது. சகாவில் இந்தச் சோதனையை நேருக்கு நேர் எதிர்கொண்டார்கள். இரண்டு, மூன்று எழுத்துகள் பின்னிய நிலையிலேயே ஒரே மரத்துண்டில் செதுக்கினார்கள். ஓர் எழுத்தின் உயரத்தை அளவாக வைத்து, அதன் இரு மடங்கு, மூன்று மடங்கு என்று துண்டுகளின் நீளத்தை முறைப்படுத்தினார்கள். அதனால் எந்தத் துண்டை எங்கே வைத்தாலும் வரிசை சரியாக அமைந்தது. ஒரே சொல் பல இடங்களில் வந்தாலும் ஒவ்வோர் இடத்திலும் வேறு வடிவில் வரும்படி மாற்றுத் துண்டுகளும் இருந்தன. பக்கத்தைப் பார்த்தால் யாரோ இப்போதுதான் மையில் தோய்த்து எழுதிய கடிதம்போல் இருக்கிறது. இதைச் செய்த செதுக்குத் தொழிலாளி ஒருவரின் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. கோயெட்சுவைப் பற்றி எத்தனை கட்டுரை! அந்தக் கைகளைப் பற்றி ஒன்றும் இல்லை என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

கண்காட்சிக் குறிப்பு எழுதியவர் கவனிக்காத ஒன்றும் உண்டு. இந்தப் பாடல் நூல்கள் ஒரே தரத்தில் வரவில்லை. அட்டை, உள்தாள் இரண்டிலும் அப்பிரகச் சித்திரம் உள்ள உயர்ந்த வகை ஒன்று. பல வண்ணத் தாள்களை மாற்றி மாற்றிச் சேர்த்துக் கட்டிய வகை ஒன்று. உள்ளே வெறும் தாள் வைத்த எளிய வகையும் உண்டு. கண்ணாடிப் பெட்டிகளுக்குள் போவது எப்போதும் முதல் வகை. பார்ப்பதற்கு மட்டும் செய்த நூல் என்றால், பார்க்க ஒன்றுமில்லாத எளிய பதிப்பு எதற்கு?

ஒரு மாலைப் பயிற்சி

என் தங்கை கியோட்டோவில் வேலை பார்க்கிறாள். அங்கே நோ பாட்டுக் கற்கும் முதியவர்களின் குழு ஒன்றில் அவளும் சேர்ந்திருந்தாள். அவளிடம் போயிருந்தபோது பயிற்சியைப் பார்க்க என்னையும் அழைத்துச் சென்றாள். பாய் விரித்த ஓர் அறை. ஒவ்வொருவர் முன்னும் மரத்தாலான சிறிய புத்தகத் தாங்கி. முழங்காலுக்கு முன்னால் மடித்த விசிறி. மண்டியிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அன்று எடுத்துக்கொண்டது நோ நாடகத்தின் பேராசிரியர் ஸெயாமியின் 'இஸுத்ஸு'. இறந்துபோன கணவனின் உடையை அணிந்த பெண் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறாள். நீரில் அவன் முகம் தெரிகிறது. 1608-இல் சகாவில் அச்சான அதே கதைக்கொத்தில் இந்த நாடகத்தின் வேர் இருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டே நான் சுவரோரம் உட்கார்ந்தேன்.

பக்கத்தில் இருந்த ஓர் அம்மையார் தம் புத்தகத்தை நானும் பார்க்கும்படி திருப்பி வைத்தார். செங்குத்தான வரிகள். ஒவ்வோர் அசைக்கும் வலப்பக்கத்தில் எள்ளைத் தூவியதுபோல் சிறு புள்ளிகள். 'எள் புள்ளி' என்றே அவற்றை அழைக்கிறார்கள். சில புள்ளிகள் மட்டமாகக் கிடந்தன, சில மேல்நோக்கிச் சாய்ந்திருந்தன, சில கீழ்நோக்கி. இடையிடையே மேல், நடு, கீழ் என்று சுருதியின் நிலையைச் சொல்லும் சிறு எழுத்துகள். அச்சிட்ட குறிகளின் மேலும் ஓரங்களிலும் அந்த அம்மையார் பல ஆண்டுகளாகப் பென்சிலால் போட்ட வளைவுகள், கோடுகள், ஓரிரண்டு கேள்விக்குறிகள். கோயெட்சு நூல்களின் உள்பக்கங்களை நான் கணினித் திரையில் பார்த்திருந்தேன். ஹொசெய் பல்கலைக்கழகத்தின் நோ ஆய்வு நிறுவனம் தன் சேகரிப்பை எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. அங்கே வரிகளுக்குப் பக்கத்தில் கண்ட அந்தப் புள்ளிக் குடும்பம்தான் இங்கே ஒரு மூதாட்டியின் மடிக்கு முன்னால், பென்சில் அழுக்கோடு விரிந்து கிடந்தது.

ஆசிரியர் ஒரு வரியைப் பாடினார். எல்லோரும் அதைத் திருப்பிப் பாடினார்கள். மீண்டும் அதே வரி. மீண்டும். அவர் நிறுத்திய இடங்களில் யாரும் சொல்லைத் தவறவிடவில்லை. சாய்ந்த ஒரு புள்ளியை மட்டமாகப் பாடிவிட்டார்கள், அவ்வளவுதான். பிறகு புதியவர்களுக்காகத் 'தகாசகோ' என்ற நாடகத்திலிருந்து திருமணங்களில் பாடப்படும் வரியை எடுத்தார். தகாசகோ கரையிலிருந்து பாய்மரம் விரித்துப் புறப்படும் படகைப் பற்றிய வரி. நான் அந்தப் பக்கத்தையும் பார்த்தேன். புள்ளிகள் அதே மாதிரிதான் இருந்தன. ஆனால் அறையில் எழுந்த ஒலி முற்றிலும் வேறு. 'இஸுத்ஸு' குழைந்து இறங்கியது. இது மார்பிலிருந்து முட்டிக்கொண்டு வந்தது. மென்மையாகப் பாடுவது, வலுவாகப் பாடுவது என்று நோ பாட்டில் இரண்டு முறைகள் உண்டு. மென்முறையில் மேல், நடு, கீழ் நிலைகளுக்கு இடையே தெளிவான இடைவெளி இருக்கும். வலுவான முறையில் அந்த இடைவெளிகள் ஏறக்குறைய மறைந்து, மூச்சின் அழுத்தமே பாட்டாகிவிடும். ஒரே புள்ளி ஒன்றில் இனிமையாகவும் மற்றொன்றில் இடிபோலவும் ஒலிக்கிறது.

திரும்பி வரும் வழியில் தங்கை சொன்னாள்: "அக்கா, அந்தப் புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது. ஆனால் எந்தச் சுருதியில் தொடங்க வேண்டும் என்பதுகூட அதில் இருக்காது. அது அவரவர் தொண்டைக்கு ஏற்றது." தாளமும் அப்படித்தான் என்றாள். ஏழும் ஐந்துமாகப் பன்னிரண்டு அசைகள் எட்டுத் தட்டுகளுக்குள் எப்படிப் பரவி உட்கார வேண்டும் என்பதை வாயால் கேட்டுத்தான் பழக வேண்டும்.

என்னை உறுத்திய வரிக்கான பதில் எனக்கு அங்கேதான் கிடைத்தது. திறந்து வைத்தாலும் அந்த நூல் பார்ப்பவருக்கு முழுதாகத் திறப்பதில்லை. ஏற்கெனவே ஒரு குரலைக் காதில் வாங்கியவருக்கு மட்டுமே புள்ளிகள் பேசுகின்றன. அப்படியானால் 1600-களின் தொடக்கத்தில் நூறு நாடகங்களை அச்சிட ஒரு வணிகர் துணிந்தார் என்றால், அந்தக் குரலைக் காதில் வாங்கியவர்கள் ஒரு நூலுக்கு வாடிக்கையாளர்களாகும் அளவுக்கு அதற்குள் பெருகியிருந்தார்கள் என்று பொருள். அவர்கள் மேடையேறும் கலைஞர்கள் அல்லர். கலைஞர்களின் குடும்பங்களில் கையெழுத்துப் படிகள் இருந்தன. வாங்கியவர்கள் மாலையில் கடையை அடைத்துவிட்டுப் பாடக் கற்ற மனிதர்கள், பாட்டுப் பழகிய போர்வீரர்கள், துறவிகள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மையாரின் முன்னோடிகள். அப்பிரக அட்டை அவர்கள் தங்கள் பாட்டுக்குச் செய்த மரியாதை. நல்ல வீணைக்கு யாளி முகம் வைப்பதைப் போல.

மறைத்ததும் கொடுத்ததும்

நோ குடும்பங்கள் ரகசியத்துக்குப் பேர்போனவை. மறைத்து வைப்பதில்தான் மலர், அதாவது கலையின் ஈர்ப்பு, இருக்கிறது என்பது ஸெயாமியின் கொள்கை. நடிப்பைப் பற்றி அவர் எழுதிய நூல்கள் வாரிசுகளுக்கு மட்டுமே கைமாறின. 1909-இல் யோஷிதா தோகோ என்ற அறிஞர் அச்சிட்டு வெளியிடும்வரை அவை பொதுவெளிக்கு வரவே இல்லை. நாடகங்களின் பாடல்களோ அதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே கடையில் கிடைத்தன! ஒரு கலையில் எதைப் பூட்டினார்கள், எதை வெளியே விட்டார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டுமா? பாட்டை விட்டார்கள், ஏனெனில் அதற்கு ஆசிரியர் தேவை. ஒவ்வொரு நூலும் ஒரு மாணவரை ஆசிரியரின் வாசலுக்கு அனுப்பியது. 1620-ஆம் ஆண்டு நான்காம் மாதத்தில் வந்த பாடல் நூல் தொகுதியில், நோ கலையின் மரபுகளுள் ஒன்றான கன்ஸே பள்ளியின் தலைவரே பின்னுரை எழுதி, இதுவே சரியான பாடம் என்று சான்று அளித்தார். அச்சு அவர்களுக்குப் பகையாக வரவில்லை.

மற்ற மேடைகளின் கதை ஒரே மாதிரி போகவில்லை. நோ நாடகங்களுக்கு இடையே ஆடப்படும் நகைச்சுவை நாடகமான கியோகெனை 1642-இல் ஓகுரா தோராஅகிரா விரிவாக எழுதிவைத்தார். அது குடும்பத்துக்குள்ளேயே இருந்தது. 1660-இல் 'கியோகென்கி' என்ற தொகுப்பு ஐம்பது நாடகங்களைப் படங்களோடு அச்சிட்டு வெளியிட்டபோது, அது எந்தப் பெரிய பள்ளியின் பாடத்தோடும் பொருந்தவில்லை. கபுகி நடிகர்கள் முழு நாடகத்தை அச்சுக்குத் தரவே இல்லை. ரசிகர்களுக்குக் கிடைத்தது கதைச் சுருக்கமும் படங்களும் கொண்ட மெல்லிய நூல்கள்தான். கபுகியில் நாடகப் பிரதி நடிகனுக்காக எழுதப்பட்டது. நடிகன் மாறினால் வசனமும் மாறும். பாடிக் கற்க அதில் என்ன இருக்கிறது?

பொம்மலாட்டப் பாட்டான ஜோருரியில் கதை நேர்மாறானது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுவே. கியோட்டோவின் ஜோருரிப் பாடகர் உஜி காகனோஜோ, ஜோருரிக்கு நோ பாட்டே தாய் என்று 1678-இல் எழுதினார். அடுத்த ஆண்டு, பக்கத்துக்கு எட்டு வரிகளாகப் பெரிய எழுத்தில், பாடும் குறிகளோடு ஒரு முழு நாடகத்தை அச்சிடச் செய்தார். அதற்கு முன் வந்த ஜோருரி நூல்கள் பொடி எழுத்தில், படங்களோடு, கதை வாசிப்பவர்களுக்காக வந்தவை. காகனோஜோ வாசகர்களைப் பாடகர்களாக மாற்ற விரும்பினார். நோ நூல்கள் அமைத்துக் கொடுத்த பக்கத்தையே அவர் எடுத்துக்கொண்டார் என்பது வரியைப் பார்த்தாலே தெரியும். அவருக்குப் பிறகு ஒசாகாவில் தகெமோதோ கிதாயூ, சிகமாட்சு மொன்ஸாஎமோனின் நாடகங்களை இவ்வாறே அச்சுக்குக் கொடுத்தார். 1703-இல், சேர்ந்து உயிர்விட்ட காதலர்களின் கதையான 'சொனெஸாகி ஷின்ஜூ' வந்தபோது ஒசாகா நகரமே அந்தக் காதலர்களுக்காக அழுதது. அந்த அழுகையை வீட்டில் உட்கார்ந்து தன் குரலில் திரும்ப எழுப்பிப் பார்க்க நூலும் கிடைத்தது. சிகமாட்சுவின் நாடகங்கள் இன்று நம் கையில் முழுமையாக இருப்பதற்கு, பாடக் கற்ற அந்த நகரத்தார் நூல் வாங்கியதும் ஒரு பெரிய காரணம்.

இதற்குள் சகாவின் மர எழுத்துகள் வழக்கொழிந்துவிட்டன. 1640-களிலேயே பெரும்பாலான அச்சகங்கள் முழுப் பக்கத்தையும் ஒரே பலகையில் செதுக்கும் பழைய முறைக்குத் திரும்பிவிட்டன. இதைப் பின்னடைவு என்று எழுதுபவர்கள் உண்டு. அது எனக்கு ஏற்புடையதல்ல. பாட்டு நூலில் எழுத்துக்குப் பக்கத்தில் புள்ளி, புள்ளிக்குப் பக்கத்தில் சிறு குறி, சில இடங்களில் சீன எழுத்துக்கு உச்சரிப்பு என்று எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். பலகையில் இவை எதுவும் சிரமம் இல்லை. பலகையை வீட்டில் வைத்திருந்தால் போதும், கேட்கும்போதெல்லாம் ஐம்பது பிரதி எடுத்துக்கொள்ளலாம். எழுத்துகளைக் கலைத்துவிட்டால் அடுத்த பதிப்புக்கு மறுபடியும் கோக்க வேண்டும். மாணவர் கூட்டம் பெருகியபோது, அவர்களுக்கு ஈடுகொடுத்தது பலகைதான்.

தலைவரும் புத்தகமும்

இத்தனை காலம் ஆசிரியருக்குத் துணை நின்ற நூல், ஒருமுறை ஆசிரியரை எதிர்த்தும் நின்றது. கன்ஸே பள்ளியின் பதினைந்தாம் தலைவர் மொதோஅகிரா படிப்பாளி. பழைய ஜப்பானிய இலக்கியத்தை மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தும் அறிஞர்களோடு அவருக்கு நெருக்கம் உண்டு. அந்த அறிஞர்களை ஆதரித்த, ஷோகன் எனப்படும் படைத்தலைமை ஆட்சியாளர் ஒருவரின் மகனான தயாசு முனெதகேயின் துணையும் இருந்தது. நாடகப் பாடல்களில் காலப்போக்கில் சிதைந்த சொற்கள், தவறாக எடுத்தாண்ட கவிதை வரிகள் ஆகியவற்றைப் பழைய தூய வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று அவர் முடிவெடுத்தார். 1765-இல் இருநூறுக்கு மேற்பட்ட நாடகங்களின் திருத்திய பாடத்தை முறைப்படி அச்சிட்டு வெளியிட்டார். அவருடைய அறிவையோ உழைப்பையோ யாரும் குறைசொல்ல முடியாது. அதிகாரமும் அவரிடமே இருந்தது. பள்ளியின் தலைவர் சொல்வதுதான் பாடம்.

திருத்தத்துக்கு வரவேற்பு இல்லை. 1774-இல் மொதோஅகிரா இறந்ததும் அது கைவிடப்பட்டது. பள்ளி பழைய பாடத்துக்குத் திரும்பியது. இதற்குப் பல காரணங்கள் சொல்கிறார்கள்: மாற்றம் அளவுக்கு மீறியது, மேடைக் கலைஞர்களுக்குப் பழகிய வரிகள் வாயில் தடுமாறின என்றெல்லாம். நான் இன்னொன்றையும் சேர்க்க விரும்புகிறேன். அதற்குள் ஒன்றரை நூற்றாண்டாக அச்சான பாடல் நூல்கள் நாடெங்கும் வீடுகளில் இருந்தன. அப்பா பாடிய வரி அலமாரியில் அச்சில் இருந்தது. அதன்மேல் அவர் போட்ட குறிகள் இருந்தன. கையெழுத்துப் படிகள் மட்டும் இருந்த காலமாக இருந்திருந்தால், தலைவர் தன் படியைத் திருத்தினால் போதும். ஒரு தலைமுறையில் எல்லாம் மாறியிருக்கும். அச்சு அந்தக் கதவை மூடிவிட்டது. எந்தப் பாடம் சரி என்று கேட்டால், தம் நூலை எடுத்துக் காட்ட ஆயிரக்கணக்கான சாதாரணப் பாடகர்கள் இருந்தார்கள். ஆசிரியரின் வாசலுக்கு மாணவரை அனுப்புவதற்காக வெளியே விட்ட புத்தகம், அந்த மாணவரிடமே ஒரு சாட்சியையும் கொடுத்துவிட்டது.

மொதோஅகிராவின் முயற்சி முழுக்க வீணாகவில்லை. அவர் புதிதாக எழுதிய 'உமே' என்ற நாடகத்தைக் கன்ஸே பள்ளி இன்றும் ஆடுகிறது. பல நாடகங்களுக்கு அவர் வகுத்துக்கொடுத்த மாற்று ஆட்ட முறைகளும் வழக்கில் இருக்கின்றன. இவை எதுவும் பழைய வரிகளைத் திருத்தியவை அல்ல. அவற்றோடு கூடுதலாக வந்து சேர்ந்தவை.